பத்தில் ஆறு

கப்பலூர் சிட்கோவில்
என் வெல்டிங் மிஷினின் முதுகில்
ஒரு தகடு ஒட்டியிருக்கிறது.
இருநூறு ஆம்பியரில் ஓட்டினால்
பத்து நிமிடத்துக்கு ஆறு நிமிடம்தான் வேலை,
மிச்சம் நாலும் அது ஆறுவதற்கு.
மீறினால் மஞ்சள் விளக்கைப் போட்டுவிட்டு
நின்றுகொள்ளும்.
உள்ளே ஃபேன் மட்டும் சுற்றும்,
தீபாவளிக்கு வந்து கோபித்துக்கொண்ட
மாப்பிள்ளை மாதிரி.

பதினோரு வருஷம் அதைத் திட்டியிருக்கிறேன்.
எட்டி உதைத்தும் இருக்கிறேன் ஒருமுறை.
லோடு ஏற்ற லாரி வந்து நிற்கும்,
திரவியம் சார் வாட்சைப் பார்ப்பார்,
இது மஞ்சளைக் காட்டும்.

ஒருநாள் பொறுக்காமல்
சிவந்து கிடந்த பற்றில்
தண்ணீரை ஊற்றிவிட்டேன்.
சொய்யென்று அடங்கியது.
மறுநாள் திருமங்கலத்தில்
அந்தக் கேட்டைத் தூக்கி மாட்டும்போது
கீலுக்குப் பக்கத்தில்
முடி கனத்துக்கு ஒரு விரிசல்.
தானாக ஆறவேண்டியதை
நாமாக ஆற்றக் கூடாது போல.

அதற்குப் பிறகுதான் அந்த நாலு நிமிடத்தை
ஒழுங்காகப் பார்க்க ஆரம்பித்தேன்.
முதலில் செல்போனைத்தான் எடுத்தேன்.
நாலு நாற்பதானது,
கண் இன்னும் எரிந்தது.
ஒரு மத்தியானம் சார்ஜ் இல்லை.
ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு
சும்மா இருந்தேன்.
வலது கை நடுங்கிக்கொண்டிருந்தது.
எத்தனை வருஷமாக நடுங்குகிறதோ,
எனக்குத் தெரியாது.
தோள் காதுவரை ஏறியிருந்தது,
அதை யாரும் இறங்கச் சொன்னதில்லை.
சொன்னேன்.
இறங்கியது.

கண்ணாடிக்குள் இருக்கும்போது
இன்னொன்றும் பிடிபட்டது:
ராடு தொட்டதிலிருந்து தீரும்வரை
நான் மூச்சே விடுவதில்லை,
தெப்பக்குளத்தில் முங்கிக்
காசு தேடுகிறவன் மாதிரி.
இப்போது விடுகிறேன், மெதுவாக,
பச்சை வெளிச்சத்தில் உருகி நகரும்
அந்தச் சின்னக் குட்டையோடு சேர்ந்து.
அப்படிப் போட்ட பற்றை
சுத்தியலால் தட்டவே வேண்டாம்,
கசடு தானாகச் சுருண்டு விழுகிறது.
எல்லா நாளும் இல்லை.

அதற்காக ஓய்வைப் பெரிதாகப் பேசவும் மாட்டேன்.
சித்திரைத் திருவிழாவுக்கு
ஐந்து நாள் ஷெட்டைப் பூட்டிவிட்டுத் திரும்பினால்
டப்பா திறந்தபடி கிடந்த ராடெல்லாம்
கோடை மழை ஈரத்தைக் குடித்து வைத்திருந்தது.
தொட்டால் ஒட்டிக்கொண்டதே தவிர பற்றவில்லை.
தகரத்தில் பரப்பி அடுப்பில் காயவைத்தோம்.
"ராடுக்கே சோம்பல் வந்திருச்சுண்ணே" என்றான் தமீம்.
"அப்ப நம்ம வைகைக்கு?" என்றேன்.
"அதுக்குப் பத்துல அரைதான் டூட்டி.
பேரு மட்டும் ஆறு."

நேற்று ராத்திரி ஒன்பதரை.
ஒச்சம்மா மாவு ஆட்டிக்கொண்டிருந்தாள்,
காலை டிபன் கடைக்கு நாலு படி.
கிரைண்டர் மோட்டாரைத் தொட்டேன், சுட்டது.
நிறுத்தி ஆறவிடு என்றேன்.
"அது ஆறும்," என்றாள் சுவிட்சைத் தட்டியபடி,
"அதுவா நாலு மணிக்கு எந்திரிக்குது?"
அவள் முதுகைப் பார்த்தேன்.
தகடு எதுவும் இல்லை.
ஜாக்கெட் நனைந்து ஒட்டியிருந்தது.

உனக்கு மஞ்சள் விளக்கு எங்கே எரியும் என்றேன்.
மிஷின் கதையெல்லாம் அவளுக்குத் தெரியும்.
"அது எரிஞ்சு எரிஞ்சு
ஃபியூஸ் போயி வருசமாச்சு."

வாளியைக் கவிழ்த்துப் போட்டேன்.
உட்கார்ந்தாள், பாதி மட்டும்,
யாராவது கூப்பிட்டால்
எழுந்துவிடுகிற மாதிரி.
மிச்ச உளுந்தை நான் கழுவினேன்.
கறுப்புத் தோல் மிதந்து மிதந்து வந்தது,
வடிக்க வடிக்க வந்தது.
திரும்பிப் பார்த்தபோது
அவள் தோள் இன்னும் காதுவரைதான் இருந்தது.
நான் எதுவும் சொல்லவில்லை.
மோட்டார் ஆறிக்கொண்டிருந்தது.